வாயு மூலை எழுந்தது, கன்னி மூலை இறங்கியது: கரிசல் மண்ணில் ஒரு வீடு

வீடு என் அக்காவுடையது. கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர். 10 சென்ட் மனை. பருத்தியும் உளுந்தும் விளைந்த கரிசல் புஞ்சையைப் பிரித்துப் போட்டது. தெற்கே தெரு, வடக்கே தோட்டம், நடுவில் 26 அடிக்கு 32 அடியில் ஒற்றைத் தளம். 2017இல் பால் காய்ச்சினார்கள். நான் சிவில் படித்து, இருபது வருடமாகக் கட்டட வேலையில் இருப்பவன். அந்த வீடு எழும்பியபோது வெளியூர் வேலையில் இருந்தேன், ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

2021 சித்திரையில் போனபோது, படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பென்சில் முனை உள்ளே போனது. கழிவறைப் பக்கச் சுவரில் இன்னொன்று. கூடத்தில் டைல்ஸ் நடுவில் முதுகு வளைத்து நின்றது, காலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தது. பின்கதவு ஐப்பசி, கார்த்திகையில் இறுகிவிடுமாம், மாசிக்கு மேல் தானாகவே சரியாகிவிடுமாம். செப்டிக் டேங்க் ஒவ்வொரு மழைக்காலமும் நிரம்பி, வருடத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிட வேண்டியிருந்தது. தோட்டத்தில் பப்பாளி இரண்டு தடவை அழுகிப்போயிற்று, கறிவேப்பிலை வெளுத்து நின்றது.

அக்கா இவற்றை மூன்று தனித்தனிக் குறைகளாகச் சொன்னாள். சுவருக்குக் கொத்தனாரும் டேங்குக்கு லாரிக்காரரும் செடிக்கு உரக்கடைக்காரரும் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். பத்து மாதம் அளந்து பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது, மூன்றும் ஒரே கணக்கு என்பதுதான். அந்த மனையில் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது, எங்கிருந்து உறிஞ்சப்படுகிறது என்ற கணக்கு.

கரிசல் செய்யும் வேலை

கரிசலின் களியில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அதிகம். அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளாக அடுக்கியிருக்கும். தண்ணீர் பட்டால் தகடுகளுக்கு நடுவில் புகுந்து அவற்றை விலக்கும், மண் ஊதும். காய்ந்தால் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கி வெடிக்கும். கோடையில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த சித்திரையில் தோட்டத்து வெடிப்பு ஒன்றில் கம்பியை விட்டுப் பார்த்தேன், நாலரை அடி போயிற்று.

வீட்டின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று அத்தானிடம் கேட்டேன். "4 அடி தோண்டினோம் தம்பி. ஒத்த மாடி வீட்டுக்கு இது தாராளம்னு மேஸ்திரி சொன்னாரு" என்றார். ஆக, வெடிப்பு போகும் ஆழத்துக்குள்தான் கடக்கால் உட்கார்ந்திருக்கிறது. வருடா வருடம் ஊதிச் சுருங்குகிற மண்ணின் மேல்.

எடை குறைந்த வீட்டுக்குச் சின்ன அஸ்திவாரம் போதும் என்பது செவல் மண்ணிலும் சரள் மண்ணிலும் சரி. கரிசலில் அது தலைகீழ். இங்கே வீடு கீழே புதைவது மட்டுமல்ல ஆபத்து, மண் அதை மேலே தூக்குவதும்தான். இரண்டு மூன்று மாடியின் பாரம் அந்தத் தூக்கலை ஓரளவு அமுக்கும். ஒற்றைத் தளத்தின் பாரம் பல சமயம் போதாது. "பயமா இருந்தா அடியை அகலமாப் போட்டுக்குவோம்" என்பதும் உதவாது. அகலம் கூடினால் சதுர அடிக்கு விழும் பாரம் குறைகிறது, மண் தூக்குவது இன்னும் எளிதாகிறது. கரிசலில் வேண்டியது ஆழம்.

சோதித்தது எப்படி

வெடிப்பைப் பூசி மறைக்க வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, அடுத்த மாதம் வீட்டில் விசேஷம் இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். ஒவ்வொரு வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், இது பழைய முறை. அப்புறம் வெளிச்சுவரைச் சுற்றி எட்டு இடத்தில் ஆணி அடித்து, மாதம் ஒருமுறை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து உயரம் பார்த்தோம். ஒப்பிட்டுப் பார்க்க அசையாத ஒரு புள்ளி வேண்டும். தெருவோரத்தில் இருந்த போர்வெல்லின் கேசிங் குழாயை வைத்துக்கொண்டோம், அது கீழே பாறையில் ஊன்றியிருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் அளந்தது அத்தானும் அவருடைய மகனும்தான். நோட்டு அவர்களிடம் இருக்கிறது.

மனையின் பின்பக்கம் ஒரு குழி தோண்டினோம். 7 அடி வரை சுத்தக் கரிசல். அதற்குக் கீழே மஞ்சளாகச் சுக்கான், அதாவது சுண்ணாம்பு கலந்த கெட்டி மண், 9 அடியில் கடப்பாரை எகிறியது. அந்த மண்ணைக் காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, இரண்டு அளவுக் குழாய்களில் 10 கிராம் 10 கிராமாகப் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றதில் தண்ணீரும் ஊற்றி ஒரு நாள் வைத்தேன். மண்ணெண்ணெயில் களி ஊதாது. அதில் 10 மில்லி நின்ற மண், தண்ணீரில் 22 மில்லிக்கு வந்தது. அதாவது 120 சதவீத ஊதல். இந்தியத் தர நிர்ணயத்தில் 50க்கும் குறைவானது சாது, 100க்கு மேல் போனாலே அதிகம் ஊதும் மண். மனை வாங்குகிற எவரும் எந்த மண் பரிசோதனைக் கூடத்திலும் இதைச் செய்து வாங்கலாம். கரிசலில் வீடு கட்டுவதற்கு முன் செய்யும் செலவுகளிலேயே மிகச் சிறியது இது.

மாசி வரை எழுதிய அளவுகளைப் பரப்பி வைத்தபோது படம் தெளிவாக வந்தது. வடமேற்கு மூலை, அதாவது வாயு மூலை, மார்கழியில் 22 மில்லிமீட்டர் எழுந்திருந்தது. தென்மேற்கான கன்னி மூலை ஆவணியில் 15 மில்லிமீட்டர் இறங்கி, மழைக்குப் பிறகு பாதிதான் திரும்ப வந்தது. கிழக்குச் சுவர் கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஒரே மேற்குச் சுவரின் ஒரு முனையை ஒருவர் தூக்க, மறு முனையை இன்னொருவர் அமுக்கினால் என்ன ஆகும்? வெடிப்பின் உருவமே அதைச் சொன்னது. கன்னி மூலைப் பக்கம் இருந்த வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே நூலாகவும் இருந்தது, மூலை விலகி இறங்குகிறது என்று அர்த்தம். கழிவறைப் பக்கம் கீழே அகலம், மேலே நூல்.

மண் முழுக்க ஒரே சீராக ஊதி ஒரே சீராக இறங்கினால் வீடு தாங்கும். ஒரு மூலை ஈரமாகவும் மறு மூலை காய்ந்தும் இருப்பதுதான் சுவரைக் கிழிக்கிறது.

வாயு மூலையில் என்ன இருந்தது

செப்டிக் டேங்க். வழக்கப்படி வாயு மூலையில் வைத்திருந்தார்கள். அதையடுத்து, சுவரிலிருந்து 5 அடி தள்ளி, 8 அடி ஆழத்துக்கு உறை (வளையம்) இறக்கிய உறிஞ்சு குழி, டேங்கிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்குவதற்கு. அது போதாதென்று குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் வடக்குச் சுவரை ஒட்டி வைத்த வாழைக்கும் பப்பாளிக்கும் போய்க்கொண்டிருந்தன. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது. வருடம் முழுக்க அந்த மூலைக்கு ஈரம் ஊட்டினார்கள், மண் ஊதிக்கொண்டே இருந்தது.

உறிஞ்சு குழி ஏன் என்று மேஸ்திரியிடமே கேட்டேன். கெட்டிக்காரர், வேலை சுத்தம். "குழி தோண்டி ஒரு குடம் தண்ணி ஊத்திப் பார்த்தோம் தம்பி, மடமடன்னு குடிச்சிருச்சு. அதான் உறை போதும்னு விட்டோம்" என்றார். அவர் பார்த்தது பங்குனியில். அந்தத் தண்ணீரைக் குடித்தது மண் அல்ல, மண்ணில் இருந்த வெடிப்பு. இந்த இடத்தில்தான் கரிசல் எல்லோரையும் ஏமாற்றுகிறது. நனைந்து ஊதியதும் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு தண்ணீர் இறங்க வழியே இருக்காது.

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2470 சொல்லும் சோதனை இதற்காகவே முதலில் குழியை ஊறவைக்கச் சொல்கிறது. ஒரு சாண் அகலக் குழி, பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 சென்டிமீட்டர் ஜல்லி. தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, 30 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் குழியில் 4 மில்லிமீட்டர் இறங்கியது. 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. இங்கே 187 நிமிடம் வந்தது. 60 நிமிடத்தைத் தாண்டினாலே உறிஞ்சு குழியும் வேண்டாம், பரவல் கால்வாயும் வேண்டாம், வேறு வழி பாருங்கள் என்கிறது அந்த விதி. நீரைப் பரவவிடும் இடம் வீட்டிலிருந்து 6 மீட்டரும், குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் உறைக்குழிக்கும் போருக்கும் நடுவில் 50 அடிகூட இல்லை.

டேங்கின் சுவரிலும் ஒரு கீறல் இருந்தது. கரிசலில் டேங்கை முழுக்கக் காலி செய்து மழைக்காலத்தில் அப்படியே விடக் கூடாது. வெளியே ஊதும் மண் பக்கச் சுவரை நெருக்கும், உள்ளே எதிர்த்துத் தள்ளத் தண்ணீர் இருக்காது. லாரிக்காரர் கார்த்திகையில் வந்து வழித்தெடுத்துப் போன ஒவ்வொரு தடவையும் அதுதான் நடந்திருக்கிறது.

கன்னி மூலையில் ஒரு வேம்பு

வீட்டோடு சேர்த்து நட்ட வேம்பு. சுவரிலிருந்து 8 அடி. ஐந்தே வருடத்தில் கூரையைத் தாண்டி, மேற்கு வெயிலை மறைத்து நின்றது. கோடையில் மற்ற இடமெல்லாம் மேல்மண்தான் காய்கிறது. மரம் இருக்கும் இடத்தில் வேர் போகும் ஆழம் வரை மண் காய்ந்து சுருங்குகிறது. எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுவதுதான் இந்த மண்ணில் பாதுகாப்பு.

வெட்டிவிடலாம் என்றேன். "வேம்ப மட்டும் வெட்டச் சொல்லாதடா, அந்த நெழல்லதான் கெடக்கோம்" என்றாள் அக்கா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, பொறியியல் பக்கமும்கூட. வளர்ந்த மரத்தை ஒரே நாளில் வெட்டினால், அதுவரை அது குடித்த ஈரம் மண்ணிலேயே தங்கும், இறங்கிய மூலை எழத் தொடங்கும். ஒரு வெடிப்புக்குப் பதில் இன்னொன்று வரும். கொப்புகளை இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தோம். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் 5 அடி ஆழத்துக்கு ஒடுக்கமான நீளப் பள்ளம் தோண்டி, கனத்த பிளாஸ்டிக் ஷீட்டை நிறுத்தி, மெலிந்த கான்கிரீட் ஊற்றினோம். அங்கே குறுக்கிட்ட வேர்களை மட்டும் வெட்டினோம். மரம் வாடவில்லை.

செய்தது

வேலையை 2022 மாசியில் தொடங்கினோம். மாதம் பார்த்துத்தான். சித்திரையில் செய்தால் காய்ந்து வெடித்த மண்ணையும், கார்த்திகையில் செய்தால் ஊதிய மண்ணையும் மூடிவைத்தவர்கள் ஆவோம். மாசியில் மண் நடுவாந்திரமாக இருக்கும், சம்சாரிகள், அதாவது விவசாயிகள், பதம் என்று சொல்வதைப் போல.

உறிஞ்சு குழியைக் களிமண் போட்டு மூடினோம். டேங்கின் கீறலை அடைத்து, பக்கத்தில் ஜல்லி நிரப்பிய இரண்டாவது தொட்டி ஒன்று கட்டினோம். டேங்கிலிருந்து வரும் நீர் அதன் அடியில் நுழைந்து, ஜல்லியின் வழியாக மேலேறி வெளியே வரும், போகிற வழியில் கசடு குறையும். அந்த நீரைக் குழாயில் 30 அடி வடக்கே கொண்டுபோய், அடியில் பிளாஸ்டிக் விரித்த ஜல்லிப் பாத்தியில் விட்டு, அதில் கல்வாழை வைத்திருக்கிறோம். நீர் ஜல்லிக்குள்ளேயே ஓடும், மேலே தெரியாது, கொசு இல்லை. மிச்சம் வருவது அதற்கப்பாலுள்ள தென்னைக்குப் போகிறது, காய்கறிப் பக்கம் போகாது.

வீட்டைச் சுற்றி 6 அடி அகலத்துக்கு மேல்மண்ணை எடுத்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சரள் மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, வெளிப்பக்கம் சாய்வாகப் பேவர் கல் பதித்தோம். மழை சுவரோரம் இறங்காது, வெயிலும் சுவரோர மண்ணைக் காயவிடாது. மாடித் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தன, அவற்றைத் தெரு வாறுகாலுக்கு (வடிகாலுக்கு) திருப்பினோம். மொத்தத்தில் இந்த ஒரு வேலைதான் அதிக பலன் தந்தது என்று நினைக்கிறேன்.

டைல்ஸைப் பெயர்த்தபோது இன்னொன்று வெளியே வந்தது. பேஸ்மட்டத்தை, அதாவது தளத்துக்கு அடிப்பகுதியை, நிரப்பியது அஸ்திவாரத்துக்குத் தோண்டி எடுத்த அதே கரிசலால். வெளியே எடுத்துப் போகும் வண்டிக்கூலி மிச்சம் என்று பலரும் செய்வதுதான். கூடத்திலும் படுக்கையறையிலும் 2 அடி ஆழத்துக்கு அதை அள்ளி, அரை அடி அரை அடியாகச் சரள் போட்டு இடித்துத் தளம் போட்டோம். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கிறோம். சுவர் வெடிப்புகளை அந்த வருடம் தொடவே இல்லை. அடுத்த மாசியில்தான் வலை வைத்துப் பூசினோம்.

முதலிலேயே செய்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று அத்தான் கேட்டார். அண்டர்ரீம்டு பைல். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை. கையால் சுற்றும் துரப்பணத்தில் மூன்றரை மீட்டர் துளையிட்டு, அடியில் மட்டும் துளையைக் குடம்போல் அகட்டி, கம்பி இறக்கிக் கான்கிரீட் போடுவார்கள். குடத்தின் அகலம் தண்டைப் போல இரண்டரை மடங்கு. மேல்மண் ஊதி இழுத்தாலும், ஈரம் மாறாத ஆழத்தில் அந்தக் குடம் பிடித்துக்கொள்ளும். பைல்களின் தலையில் ஓடும் பீம் தரையைத் தொடாமல் 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்க வேண்டும், மண் ஊத இடம் வேண்டுமே. எங்கள் மனையில் 7 அடியிலேயே சுக்கான் வந்ததால், பில்லர் குழியை அதுவரை இறக்கியிருந்தாலும் பெருமளவு தப்பித்திருக்கும். 3 அடிதான் வித்தியாசம்.

தோட்டம்

வீட்டுக்கு எதிரியாக இருந்த இதே குணம் பயிருக்குச் சொத்து. மழை நின்று வாரக்கணக்கில் ஈரம் பிடித்துவைப்பதால்தான் இங்கே மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் கொத்தமல்லியும் வருகின்றன. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து இந்த மண்ணோடுதான் இருக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் சிக்கல் வேறு. நாம் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். நனைந்த கரிசலில் காற்று போகாது, பப்பாளி இரண்டு நாள் நீர் கட்டினாலே வேர் அழுகும். காயவிட்டால் வெடிப்பு வேரை அறுக்கும். அதனால் செடிகளைச் சுவரோரத்திலிருந்து 15 அடி தள்ளி, முக்கால் அடி உயர மேட்டுப் பாத்திக்கு மாற்றினோம். மக்கிய தொழு உரமும் மேலே உளுந்துப் பொட்டு மூடாக்கும். மூடாக்கு போட்ட பாத்தியில் வெடிப்பே விடவில்லை. மணல் கலந்தால் இளகும் என்று அக்காவிடம் யாரோ சொல்லி இரண்டு தட்டு மணல் போட்டிருந்தாள். கொஞ்ச மணல் கரிசலை இளக்காது, காய்ந்தால் இன்னும் இறுகும்.

கறிவேப்பிலையில் இளம் இலைதான் மஞ்சள், நரம்பு பச்சை. இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுக்கான் சுண்ணாம்பு அதைச் செடிக்கு எட்டவிடாமல் கட்டிவைக்கிறது. மண்ணில் கொட்டினால் அதுவும் கட்டிக்கொள்ளும் என்பதால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து இலையில் தெளித்தோம். மூன்றாவது தெளிப்பில் பச்சை வந்தது. சோப்புத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டோம், அதிலுள்ள சோடியம் கரிசலை இன்னும் குழம்பாக்கும்.

2023 டிசம்பர்

17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கமும் கண்மாய்கள் நிரம்பி உடைந்தன. ஜல்லிப் பாத்தி மூன்று நாள் வெள்ளத்துக்குள் கிடந்தது. அந்த மூன்று நாளும் கழிவறைத் தண்ணீர் வெளியேறவில்லை, பக்கத்துத் தெருவில் மேட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போய்வந்தார்கள். பாத்தியை இன்னும் ஒரு அடி உயரத்தில் வைத்திருக்க வேண்டும், நான் அளவைக் குறைத்துவிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் அத்தான் டியூப் லெவலை எடுத்தார். வாயு மூலை 6 மில்லிமீட்டர் எழுந்திருந்தது. பின்கதவு இறுகவில்லை. சமையலறையில் மயிரிழையாக ஒரு புதுக் கீறல். கன்னி மூலை அடுத்த ஆவணியில் 4 மில்லிமீட்டர் இறங்கியது, அது இன்னும் முழுக்க நிற்கவில்லை. மேற்குக் காம்பவுண்டுச் சுவர் வேம்பின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அஸ்திவாரமே ஒன்றரை அடிதான், பிரித்து எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.